ராஜபாளையம் குட்டிக்கு ராயல் கேனின் மேக்ஸி பப்பி வாங்கலாமா?

ராயல் கேனின் பிராண்டில் பெரிய இன நாய்க்குட்டிகளுக்கென்று வரும் உலர் உணவுதான் மேக்ஸி பப்பி. எடுத்த எடுப்பிலேயே பதிலைச் சொல்லிவிடுகிறேன். வளர்ந்தால் இருபத்தைந்து கிலோவைத் தாண்டும் குட்டி, கையில் கொஞ்சம் வசதியும் இருக்கிறது என்றால் தாராளமாக வாங்கலாம், கொடுக்கிற காசு வீண் போகாது. சின்ன சைஸ் நாய், ராஜபாளையம் அளவுக்குப் பெரிசாக வளராத நாட்டு நாய்க் குட்டி என்றால் இவ்வளவு செலவு தேவையே இல்லை. ஆனால் எதை வாங்கினாலும், கூடவே கடைக்காரர் எடுத்து வைக்கிற கால்சியம் டானிக்கை மட்டும் வாங்காதீர்கள். இதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் நாய்க்குட்டி மணி ராஜபாளையம் இனம். தாய், தகப்பன் இரண்டையும் நேரில் பார்த்துத்தான் எடுத்தோம், தகப்பன் நல்ல உயரம், எப்படியும் முப்பது கிலோ இருக்கும். மேக்ஸி என்று பேக்கெட்டில் போடுவது இந்தக் கணக்கில்தான்: வளர்ந்த பிறகு 26 முதல் 44 கிலோ வரை வரப்போகிற நாய், 2 மாதத்திலிருந்து 15 மாதம் வரை கொடுக்கலாம். 11 முதல் 25 கிலோ என்றால் மீடியம் பப்பி, அது 12 மாதம் வரை. பத்து கிலோவுக்குள் அடங்கும் இனம் என்றால் மினி. குட்டி இப்போது எவ்வளவு எடை இருக்கிறது என்று பார்த்து வாங்குகிறவர்களைக் கடையில் அடிக்கடி பார்க்கிறேன், பார்க்க வேண்டியது அதுவல்ல, வளர்ந்த பின் வரப்போகும் எடை. சிப்பிப்பாறை, கன்னி இன நாய்கள் மாதிரி மெலிந்த உடம்புக்காரர்களுக்குப் பெரும்பாலும் மீடியமே போதும். தாய் தகப்பனே தெரியாத கலப்புக் குட்டி என்றால், தடுப்பூசி போடப் போகும்போது டாக்டரிடமே எவ்வளவு வளரும் என்று கேட்டுவிடுங்கள், பாதத்தையும் எலும்பையும் பார்த்து ஓரளவுக்குச் சொல்லிவிடுவார்.

இப்போது பேக்கெட்டின் பின்பக்கம். மேக்ஸி பப்பியில் புரதம் 30 சதவீதம், கொழுப்பு 16. விலை குறைந்த இன்னொரு பிராண்டான பெடிகிரியின் பப்பி பேக்கெட்டில் புரதம் குறைந்தது 24, கொழுப்பு குறைந்தது 10. அமெரிக்காவில் நாய் உணவுக்கு அளவுகோல் வகுக்கும் ஆஃப்கோ அமைப்பு, வளரும் குட்டிக்கு ஈரப்பதத்தைக் கழித்துவிட்டுப் புரதம் 22.5, கொழுப்பு 8.5 சதவீதமாவது இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே பெடிகிரி பப்பி போட்டால் குட்டி நோஞ்சானாகிவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள், இந்தக் குறைந்தபட்ச அளவை அதுவும் தாண்டுகிறது. இரண்டு பிராண்டுமே மார்ஸ் கம்பெனியுடையதுதான் என்பது கடைக்காரர்கள் பலருக்கே தெரிவதில்லை. வித்தியாசம் பொருட்கள் வரிசையில் இருக்கிறது. எடையில் எது அதிகமோ அதுதான் பட்டியலில் முதலில் வரும். பெடிகிரியில் தானியம் முதலில் வருகிறது. மேக்ஸியில் கோழிப் புரதம், விலங்குக் கொழுப்பு, அதோடு மக்காச்சோளமும் உண்டு. மக்காச்சோளம் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம், நன்றாக வெந்த மாவுச்சத்தை நாயின் வயிறு செரித்துவிடும். தானியமே இல்லாதது என்று கிரெய்ன் ஃப்ரீ வகைகளை இன்னும் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். பட்டாணி, பருப்பு நிறையச் சேர்த்த அந்த மாதிரி உணவுகளுக்கும் ஒருவகை இதய நோய்க்கும் தொடர்பு இருக்குமோ என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018-ல் விசாரணையே தொடங்கியது. டாக்டர் எழுதிக் கொடுக்காமல் அந்தப் பக்கம் போக நான் தயாரில்லை.

பேக்கெட்டைப் பிரித்தால் வாடை கொஞ்சம் தூக்கலாகத்தான் அடிக்கும், கருவாட்டுக் கடை வாசலில் நிற்கிற மாதிரி. மணிக்கு அந்த வாடைதான் பிடித்தது. உருண்டைகள் குட்டிக்குக் கொஞ்சம் பெரிசுதான், அதுவும் நல்லதற்கே, அப்படியே விழுங்காமல் கடித்துத் தின்கிறது. வந்த புதிதில் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் நன்றாக உப்பி, மேலே மெல்லிசாக எண்ணெய் மினுக்கு மிதக்கும், விரலால் நசுக்கினால் நடுவில் கட்டி இல்லாமல் மசிய வேண்டும், அதுதான் பதம். ஊறவைத்ததை மிச்சம் வைத்தால் நம் ஊர் வெயிலில் சீக்கிரமே புளித்துவிடும், எடுத்துக் கொட்டிவிடுங்கள். உணவு ஒத்துக்கொண்டதா என்பதற்குக் கக்காவைப் பார்த்தாலே போதும். மேக்ஸிக்கு மாறியபின் அளவு குறைந்து, கையில் காகிதத்தோடு எடுத்தால் தரையில் ஒட்டாத கெட்டிக்கு வந்துவிட்டது. மொட்டை மாடியைத் தினமும் கழுவுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

விலைதான் உறைக்கும். கிலோவுக்குப் பார்த்தால் பெடிகிரியைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. கொடுக்க வேண்டிய அளவு கொஞ்சம் குறையும் என்பது உண்மைதான், அதற்காக மூன்று மடங்கும் ஈடாகிவிடாது. பிறகு ஏன் வாங்கச் சொல்கிறேன் என்றால், பெரிய இனக் குட்டிக்குக் கால்சியம் ஒரு கட்டுக்குள் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியின் குடலுக்கு, போதும் என்று கால்சியத்தைத் தடுத்து நிறுத்தத் தெரியாது, உள்ளே போவதில் பெரும்பகுதியை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். அது அதிகமானால் எலும்பு வலுக்காது, வளர்ச்சியே கோணலாகும், முன்னங்கால் வளையும், மூட்டு கெடும். அதனால்தான் பெரிய இனக் குட்டிகளின் உணவில் கால்சியம் 1.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஆஃப்கோ தனியாக வரம்பு வைத்திருக்கிறது, மற்ற நாய்களுக்கு 2.5 வரை விடுகிறது. பெரிய இனத்துக்கென்று தனியாகச் செய்த பப்பி உணவுக்குக் காசு கொடுப்பது இந்தக் கணக்குக்காகத்தான். ட்ரூல்ஸ் என்ற பிராண்டிலும் பெரிய இனக் குட்டி வகை இருக்கிறது, பட்ஜெட் இடித்தால் பேக்கெட்டைத் திருப்பி இதே கணக்கைப் பாருங்கள்.

இப்படி அளந்து செய்த சாப்பாட்டின் மேல் தினமும் இரண்டு ஸ்பூன் கால்சியம் டானிக் ஊற்றினால் அந்தக் கணக்கெல்லாம் எதற்கு? நாங்கள் முதலில் போன கடையில், பெயர் வேண்டாம், பில் போடும்போதே பாட்டிலையும் சேர்த்துவிட்டார்கள். "பெரிய நாய் சார், கால்சியம் கொடுக்கலேன்னா கால் நிக்காது" என்றார். நிறைய பேர் இதைக் கேட்டுப் பயந்துதான் வாங்குகிறார்கள், பாவம், குட்டி மேல் உள்ள பாசத்தில். எங்கள் டாக்டர் ஒரே வார்த்தையில் நிறுத்தச் சொன்னார். குறைபாடு இருக்கிறது என்று டாக்டர் பார்த்துச் சொன்னால் ஒழிய அந்தப் பாட்டிலுக்கு வேலையே இல்லை.

வீட்டுச் சாப்பாடு மட்டும் போடுகிறவர்களின் பிரச்சினை இதற்கு நேர் எதிர். "பால்சோறு தின்னு வளராத நாயாடா?" என்று அம்மா கேட்டார். அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, நம் ஊர் நாய்கள் தலைமுறை தலைமுறையாக வீட்டுச் சோற்றில் வளர்ந்தவைதான். ஆனால் எலும்பில்லாத கறியும் சோறும் மட்டும் போட்டால் கால்சியம் மிகவும் குறைந்துபோய்ப் பாஸ்பரஸ் கூடிவிடும், வளருகிற எலும்பிலிருந்தே உடம்பு கால்சியத்தை உருவ ஆரம்பிக்கும். வீட்டுச் சாப்பாடுதான் கொடுப்பேன் என்றால் எவ்வளவு கறி, எவ்வளவு சோறு, கால்சியத்துக்கு என்ன என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். மாட்டுப்பால் பல குட்டிகளுக்கு வயிற்றைக் கலக்கிவிடும், கொஞ்சம் தயிர் பரவாயில்லை. எங்கள் வீட்டில் அம்மாவுக்காக மாலையில் வேகவைத்த கோழி கொஞ்சம், எலும்பு நீக்கி, உப்பு காரம் போடாமல் தருகிறோம், மொத்தச் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்குக்குள்ளாக. குழம்புச் சோறு கூடவே கூடாது, வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களையே உடைக்கும். திராட்சை, சாக்லேட் அறவே வேண்டாம்.

லூஸில் அளந்து பாலிதீன் பையில் கட்டிக் கொடுப்பதை வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும். என்ன பிராண்ட், எப்போது பிரித்த மூட்டை, காலாவதி எப்போது, ஒன்றும் தெரியாது. மூட்டை திறந்தே கிடந்தால் கொழுப்பு காற்றுப் பட்டுச் சிக்கடிக்கும், சென்னை மாதிரி கடலோர ஊரில் கேட்கவே வேண்டாம். வீட்டிலும் டப்பாவில் கொட்டாமல், பேக்கெட்டோடு மடித்து டப்பாவுக்குள் வையுங்கள்.

பேக்கெட்டில் உள்ள அட்டவணைப்படி கொடுத்தால் சில குட்டிகளுக்கு அதிகமாகிவிடுகிறது. ஆரம்பத்தில் அதைப் பின்பற்றுங்கள், அப்புறம் விலாவைத் தடவிப் பாருங்கள், அழுத்தாமலே விலா எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. பெரிய இனக் குட்டி கொழுகொழுவென்று இருப்பது அழகுதான், மூட்டுக்கு ஆகாது. நான்கு மாதம் வரை ஒரு நாள் சாப்பாட்டை மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள்.

முதலில் 1 கிலோ பேக்கெட்டே வாங்குங்கள். குட்டி ஏற்கெனவே தின்றுகொண்டிருந்ததோடு கால்வாசி, பாதி, முக்கால்வாசி என்று ஒரு வாரத்தில் மெதுவாக மாற்றுங்கள், ஒரே நாளில் மாற்றினால் லூஸ் மோஷன் ஆகும், அதை வைத்து உணவு சரியில்லை என்று நினைத்துவிடுவீர்கள். ஒத்துக்கொண்டால் 4 கிலோவுக்குப் போங்கள். அதைவிடப் பெரிய மூட்டை விலை சல்லிசுதான், ஆனால் பிரித்து ஒன்றரை மாதத்துக்குள் தீராது என்றால் வேண்டாம்.