வெப்பச் சிகிச்சைக்குப் பிந்தைய கணைய ஸ்கேன்: புதுச்சேரியில் ஒரு நல்ல மையம்

கணையத்தின் தலைப்பகுதியில் இரத்தக் குழாய்களைச் சுற்றிப் பிடித்திருந்த புற்றுக்கட்டியை வெட்டி எடுக்க வழியில்லாததால், என் பெரியம்மாவுக்குச் சென்னையில் ஆர்.எஃப்.ஏ. எனப்படும் வெப்பச் சிகிச்சை அளித்தார்கள். அதன்பின் எடுக்க வேண்டிய சி.டி. ஸ்கேன்களுக்குக் கடலூரிலிருந்து புதுச்சேரி நூறடிச் சாலைப் பக்கமுள்ள தனியார் மையம் ஒன்றுக்குப் போய்வருகிறோம்.

அங்கே வரவேற்பில் முதலில் கேட்டது சிகிச்சைக்கு முந்தைய ஸ்கேன் படங்கள் பதிந்த குறுந்தகட்டைத்தான். அதைக் கேட்காத இடத்தில் இந்த ஸ்கேனை எடுக்கவே கூடாது என்பேன். வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது திசு மடிந்துவிடுகிறது, ஆனால் உடனே கரைந்து மறைவதில்லை. கட்டியோடு சுற்றியுள்ள திசுவும் கொஞ்சம் வெந்து வீங்குவதால், முதல் ஸ்கேனில் அந்த இடம் பழைய கட்டியைவிடப் பெரிதாகவே தெரியக்கூடும். முன்பு வேறொரு மையத்தில் வெறும் அளவை வைத்து 'கட்டி வளர்ந்துள்ளது' என்று எழுதிக் கொடுத்ததில் வீடே இடிந்துபோனது.

உண்மையில் பார்க்க வேண்டியது, இரத்த ஓட்டத்தைப் படத்தில் காட்ட ஊசி வழியே ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்து ஏறிய பிறகு அந்த இடம் ஒளிர்கிறதா என்பதைத்தான். இரத்த ஓட்டம் நின்ற பகுதி ஒளிராமல் கறுத்தே இருக்கும். விளிம்பில் மெல்லிய, சீரான வளையம் தெரிந்தால் அது பெரும்பாலும் அழற்சி. ஒரு பக்கம் மட்டும் தடித்து முடிச்சுப்போல ஒளிர்ந்தால் மிச்சக் கட்டியோ என்று சந்தேகிக்க வேண்டும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு: கணையப் புற்று இயல்பிலேயே சுற்றியுள்ள கணையத்தைவிட மங்கலாகத் தெரிவது என்பதால், பழைய படத்தை அருகில் வைக்காமல் எது வெந்தது, எது மிஞ்சியது என்று பிரிப்பது கடினம். திசுக்கள் சர்க்கரையை எவ்வளவு உறிஞ்சுகின்றன என்று காட்டும் பெட் ஸ்கேன் எடுத்தாலும், சிகிச்சை முடிந்த சில வாரங்களுக்கு அழற்சியே ஒளிர்ந்து ஏமாற்றக்கூடும்.

இம்மையத்தில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவை இரத்தப் பரிசோதனையில் சரிபார்த்த பிறகே கான்ட்ராஸ்ட் ஊசி போட்டார்கள். குடிக்கக் கொடுத்தது வெள்ளை மருந்தல்ல, வெறும் தண்ணீர். அப்போதுதான் கணையத்தை ஒட்டிய முன்சிறுகுடலின் சுவர் தெளிவாகத் தெரியும். ஸ்கேன் எடுத்த தம்பி, "பெரியம்மா, மூச்சை இழுத்துப் பிடிங்க, நான் சொன்னதும் விடுங்க" என்று முன்னதாகவே பழக்கிவிட்டார். மருந்து ஏறி ஏறத்தாழ 40, 45 விநாடியில் ஒரு முறையும், 70 விநாடியில் மறுமுறையும் படமெடுக்கும்போது மூச்சு ஆடினால் எல்லாம் வீண்.

அறிக்கையைப் படித்தபோது மனம் நிறைந்தது. அளவோடு நிற்காமல், விளிம்பின் தன்மை, குடலிலிருந்து கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் சிரையில் இரத்த உறைவு உள்ளதா, நீர் சேர்ந்துள்ளதா என்று ஒவ்வொன்றையும் தேதியிட்ட பழைய படத்தோடு ஒப்பிட்டு எழுதியிருந்தார்கள். கதிரியக்க மருத்துவர் இரண்டு படங்களையும் ஒரே திரையில் வைத்து எங்களுக்குக் காட்டவும் செய்தார்.

குறை என்றால், அறிக்கை மறுநாள்தான் கிடைக்கிறது. சென்னை மருத்துவர் கேட்கும் மெல்லிய வெட்டுப் படங்களை நாமாகக் கேட்டால்தான் குறுந்தகட்டில் பதிந்து தருகிறார்கள். பதிவு செய்யும்போதே அதைச் சொல்லிவிடுங்கள்.