மதுரையில் ஒரு தானியங்கி நுண்ணுயிர்ப் பரிசோதனைக்கூடம்

மதுரை அண்ணா நகரிலுள்ள ஒரு பரிசோதனைக்கூடத்தில் என் தாயாரின் சிறுநீரைக் கல்ச்சர் பரிசோதனைக்கு, அதாவது அதிலுள்ள கிருமியை வளர்த்துக் கண்டறியும் பரிசோதனைக்குக் கொடுத்தோம். அங்கே வைட்டெக் 2 கருவியைப் பயன்படுத்துகிறார்கள். தட்டில் வளர்ந்த கிருமியை உப்புநீரில் கலக்கி, 64 நுண்குழிகள் கொண்ட, உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் அட்டைக்குள் செலுத்தியதும், கருவி 15 நிமிடத்திற்கு ஒருமுறை ஒவ்வொரு குழியின் மாற்றத்தையும் ஒளியால் அளந்து, சில மணி நேரத்தில் கிருமியின் பெயரைச் சொல்லிவிடுகிறது. அதற்கு முன் கிருமி தட்டில் வளரவே ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். வரவேற்பில் இதைச் சொல்லாததால் மறுநாள் மாலை வீணாக அலைந்தோம், அது பெருங்குறை. மூன்றாம் நாள் வந்த அறிக்கையில் ஈ.கோலை என்ற பெயரும், ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே எம்.ஐ.சி. அளவும் (கிருமி வளராமல் தடுக்கத் தேவையான மிகக் குறைந்த மருந்துச் செறிவு) தெளிவாக இருந்தன. அதைப் பார்த்த பிறகே மருத்துவர் பழைய மாத்திரையை நிறுத்தி நைட்ரோஃபியூரன்டாயின் எழுதினார். கட்டணம் சற்று அதிகம்தான், ஆனாலும் மறுமுறையும் அங்கேயே கொடுப்பேன்.