காலியாகக் கிடந்த சீட்டுக்கு ஒன்றரை லட்சம் கொடுத்தேன்: எம்.பி.ஏ. சேரப் போகிறவர்கள் கவனத்துக்கு

பத்தாவதில் 71 சதவீதம், பிளஸ் டூவில் 64, பி.இ. மெக்கானிக்கலில் 6.2 சி.ஜி.பி.ஏ. அதிலும் ஐந்து அரியர்களை முட்டி மோதித் தாண்டியது. இதற்கு மேல் 2023 நவம்பரில் எழுதிய, ஐ.ஐ.எம். போன்ற மேலாண்மைக் கல்லூரிகளுக்கான கேட் (CAT) நுழைவுத் தேர்வில் 62 பர்சென்டைல். இந்த ஜாதகத்தை வைத்துக்கொண்டு பெங்களூரில் எம்.பி.ஏ. சீட் வாங்கப் போய் ஏமாந்த கதை இது.

அந்த வருடம் கேட்டில் மொத்தம் 66 கேள்விகள். டி.ஐ.எல்.ஆர்., அதாவது அட்டவணைகளையும் தர்க்கப் புதிர்களையும் அலசும் பகுதியில் 20 கேள்விக்கு 40 நிமிடம். முதல் செட்டிலேயே இருபத்தைந்து நிமிடம் சிக்கிக்கொண்டேன், அவ்வளவுதான். வீட்டில் 62 என்று சொன்னதும் அப்பா, "பரவால்லையே, ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றார். அது மார்க் இல்லை, நூறு பேர் ஓடினால் 38 பேர் எனக்கு முன்னால் ஓடுகிறார்கள் என்று விளக்க எனக்கு வாய் வரவில்லை. அந்த வெட்கம்தான் பிறகு ஒருவருக்கு வியாபாரம் ஆனது.

டிசம்பர் 21இல் ரிசல்ட் வந்தது. இரண்டே நாளில் சீட் வாங்கித் தரும் ஏஜென்ட்களிடமிருந்து போன் வர ஆரம்பித்தது. என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று அப்போது யோசிக்கவில்லை. காலேஜ் தேட உதவும் ஒரு தளத்தில் பெயர், நம்பர், பர்சென்டைல் எல்லாவற்றையும் நானே நிரப்பியிருந்தேன். ஒரு நாளைக்கு ஏழெட்டு அழைப்பு. அதில் ஒருவர் மட்டும் நல்ல தமிழில், நிதானமாகப் பேசினார். "தம்பி, உங்க ஸ்கோருக்கு நேரா அப்ளை பண்ணா ஃபார்மை ஓரமா போட்டுடுவாங்க. நான் உள்ள பேசிக்கிறேன்." ஐ.ஐ.எம். ஒன்றிலேயே தனக்கு ஆள் இருப்பதாகவும் ஒரு கொக்கி போட்டுப் பார்த்தார். அப்போதே போனை வைத்திருக்க வேண்டும். ஐ.ஐ.எம்.களில் மேனேஜ்மென்ட் கோட்டா என்ற ஒன்றே கிடையாது. அங்கே பத்தாவது, பிளஸ் டூ, டிகிரி மார்க்கையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுவார்கள். யார் பேசினாலும் என் பழைய மார்க் மாறப் போவதில்லை.

முதலில் அவர் காட்டிய இடம் வேறு. பி.ஜி.டி.எம். (எம்.பி.ஏ. மாதிரியான ஒரு டிப்ளமோ) என்றார், கூடவே வேறு மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் தொலைதூர எம்.பி.ஏ.வும் உண்டாம், "டபுள் டிகிரி" என்றார். என் மாமா மகன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்: இந்த மாதிரிப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் ஏ.ஐ.சி.டி.இ.யின் தளத்தில் இந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா? தேடினோம். அதே வளாகத்தில் இருந்த இன்ஜினியரிங் கல்லூரியின் பெயர் இருந்தது, இது இல்லை. அந்தக் குழியிலிருந்து தப்பித்துவிட்டோம் என்ற தெம்பில்தான் அடுத்த குழியில் போய் விழுந்தேன்.

அடுத்து சொன்ன கல்லூரி நிஜமானது. அங்கீகாரம் சரியாக இருந்தது, பல்கலைக்கழக இணைப்பும் இருந்தது. சுமாரான கல்லூரிதான், ஆனால் கல்லூரி. 2024 பிப்ரவரியில் "சீட் பிளாக்கிங்" என்று 25,000 ரூபாய் ஜி.பே.யில் அனுப்பினேன். பணம் போனது ஒரு தனிநபர் பெயருக்கு. ஏப்ரலில் அப்பாவும் நானும் பஸ் பிடித்து பெங்களூர் போனோம். ஒரு பேக்கரிக்கு மேலே மாடியில் அவர் ஆபீஸ். சுவரெல்லாம் கோட் போட்ட பையன்களின் படங்கள். அம்மாவின் வளையலை அடகு வைத்த பணம், 1,25,000 ரூபாய், மஞ்சள் பையில் இருந்தது. அப்பா அதை மேஜைமேல் வைத்து, "எப்படியாச்சும் பாத்து பண்ணுங்க சார்" என்றார். அவர் எண்ணி முடிக்கும் வரை அப்பா நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்திருந்தார்.

ரசீது கொடுத்தார். நான் அதைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டதோடு சரி. இரண்டு மாதம் கழித்துத்தான் கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தேன்: "கெரியர் கைடன்ஸ் சர்வீஸ் சார்ஜ், திருப்பித் தரப்படாது." சீட் என்ற வார்த்தையே இல்லை. கல்லூரிப் பெயரும் இல்லை.

கல்லூரிக் கட்டணம் தனியாகக் கட்டினோம். சேர்ந்த முதல் வாரம் ஹாஸ்டல் அறைத்தோழனிடம் கேட்டேன், "நீ எவ்வளவு கொடுத்தே?" அவன் ஹாசன் பக்கம். கேட் எழுதவே இல்லை, கர்நாடகக் கல்லூரிகளுக்கான கேமேட் நுழைவுத் தேர்வு எழுதியிருந்தான், அதிலும் ஸ்கோர் சுமார்தான். கல்லூரி வெப்சைட்டில் இருந்த நம்பருக்குப் போன் பண்ணி, நேரில் வந்து, இன்டர்வியூ என்ற பெயரில் பத்து நிமிடம் பேசி, சேர்ந்துவிட்டான். கூடுதலாக ஒரு பைசா கொடுக்கவில்லை. வகுப்பில் 120 இடத்துக்கு நாங்கள் 74 பேர். மீதி நாற்காலிகளைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. யாரும் என் ஃபார்மை ஓரமாகப் போட்டிருக்க மாட்டார்கள். ஆள் கிடைக்காமல் அவர்கள்தான் தேடிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்ததற்குக் கல்லூரியும் அவருக்கு ஏதாவது கொடுத்திருக்கும் என்பது என் சந்தேகம். அட்மிஷன் ஆபீசில் கேட்டால், ஏஜென்ட் என்று யாரையும் தெரியாது என்கிறார்கள்.

அந்த ஏஜென்டுக்குப் போன் செய்தேன். "தம்பி, நீங்க சேந்துட்டீங்கல்ல? அதுக்குத்தான் சர்வீஸ்" என்றார். தொனியில் கோபமே இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

போலீசில், இது சிவில் விவகாரம் என்று அனுப்பிவிட்டார்கள். சீட்டுக்கு நன்கொடை வாங்குவதைத் தடுக்கக் கர்நாடகத்தில் 1984லிருந்தும் தமிழ்நாட்டில் 1992லிருந்தும் சட்டம் இருக்கிறது. ஆனால் என் ரசீதில் நன்கொடை என்றே இல்லையே. கடைசியில் உருப்படியாக வழி காட்டியது 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். வழக்குப் போட பெங்களூருக்கு அலைய வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். ஐந்து லட்சம் வரை கொடுத்த விவகாரத்துக்குக் கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். கரூரில் போட்டேன். நோட்டீஸ் போனதும் அவர் 40,000 திருப்பி அனுப்பினார், "இதோட முடிச்சுக்கலாம்" என்ற மெசேஜோடு. மீதிக்கு வழக்கு நடக்கிறது.

என்னைப் போல மார்க் குறைவாக இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: கேட் போனால் எல்லாம் போய்விடவில்லை. ஜனவரியில் ஜாட் (XAT) நுழைவுத் தேர்வு இருக்கிறது, மேட் (MAT) தேர்வு வருடத்தில் பல முறை நடக்கிறது. தமிழ்நாட்டிலேயே படிக்கலாம் என்றால் அண்ணா பல்கலைக்கழகத்தின் டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி நடத்தும் கவுன்சலிங்குக்குப் போகலாம். இதையெல்லாம் நான் எழுதவே இல்லை. "அதெல்லாம் டைம் வேஸ்ட் தம்பி" என்று அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டேன். எந்தக் கல்லூரியாக இருந்தாலும் முதலில் அதன் அட்மிஷன் ஆபீசுக்கு நீங்களே போன் பண்ணி, உங்கள் மார்க்கைக் கூச்சப்படாமல் சொல்லி, இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். பணம் கல்லூரியின் கணக்குக்கு மட்டும் போகட்டும். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை எவரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். கல்லூரியே கூட அதைப் பிடித்து வைக்கக் கூடாது என்பது யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதி.

எனக்கு அடுத்த பேட்ச்சில் சேர்ந்த ஜூனியர்கள் இரண்டு பேரிடம் அதே ரசீதைப் பார்த்தேன். அதே பொடி எழுத்து, நம்பர் மட்டும் வேறு. வழக்குக்கு நகல் கேட்டேன். ஒருவன் உடனே கொடுத்துவிட்டான். இன்னொருவன், வீட்டில் மெரிட்டில் கிடைத்த சீட் என்று சொல்லி வைத்திருப்பதாகச் சொல்லி ரசீதைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.