36,000 ரூபாய் போச்சுங்க – கை தூக்க முடியலைன்னு தெரபி சென்டர் போறவங்க படிங்க

36,000 ரூபாய். மஞ்சள் வித்த காசு. ராத்திரி முழுக்கத் தூக்கமில்ல.

மாசி மாசத்துலருந்து என்ற அம்மாவுக்குக் கீழ உக்காந்தா எந்திரிக்க முடியல. கொண்டை போடக் கை மேல போகல. வலி பெருசா இல்லீங்க, பலந்தான் இல்ல. அந்த வித்தியாசம் எனக்கு அப்போ உறைக்கல. கண் இமை ஊதாவும் செவப்புமா வீங்குச்சு, விரல் முட்டி மேல தோல் தடிச்சுச் செதில் விட்டுச்சு. வெயில்ல காட்டுவேலை செஞ்சதுன்னு விட்டுட்டோம்.

கோவையில ஒரு நரம்பு, தண்டுவட தெரபி சென்டர். ரத்தத்துல எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடின்னு கல்லீரலுக்குப் பாக்குற ரெண்டு அளவு ஏறியிருந்ததால கல்லீரல் வீக்கம், கூடவே கழுத்தெலும்பு தேய்மானம்னாங்க. 30 சிட்டிங், கல்லீரல் மருந்து, எல்லாம் சேர்த்து 36,000, முன்பணமா. நான் தயங்குனேன். அங்கிருந்தவர் அம்மா கையப் புடிச்சு, "ஏனுங்கம்மா, ஆடி நோம்பிக்கு நீங்களே ஒப்பிட்டு (போளி) சுடுவீங்க, நானாச்சு"ன்னார். அம்மா கண்ணுல தண்ணி. அங்கதான் விழுந்தேன்.

11 சிட்டிங் ஆச்சு. தண்ணி குடிச்சாப் புரையேற ஆரம்பிச்சுது. "நச்சு எறங்குதுங்க, நல்லதுதான்"னாங்க!

பயந்துபோய் வாதநோய் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். இமையையும் விரலையும் பாத்த உடனே சிபிகேன்னு, தசை சிதையறதைக் காட்டுற ரத்த டெஸ்ட் எழுதுனார். சுமாரா 200க்குள்ள இருக்கவேண்டியது 6,400. அந்த டெஸ்ட்டுக்கு 500 ரூபாய்கூட ஆகல. தசை சிதைஞ்சாலும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி ஏறுமாம். கல்லீரல் பாட்டுக்கு நல்லாத்தான் இருந்திருக்கு. தசையோட மின் ஓட்டம் பாக்குற ஈஎம்ஜி, தொடைக்கு எம்ஆர்ஐ, தசையில துளி எடுத்து பயாப்சி. டெர்மட்டோமயோசைட்டிஸ். உடம்போட எதிர்ப்புச் சக்தியே தசையையும் தோலையும் தாக்குற வியாதி. ஸ்டீராய்டு ஓடுது. இதுக்குப் பின்னால சில பேருக்குப் புற்றுநோய் ஒளிஞ்சிருக்கும்னு அதையும் தேடுறாங்க. இத்தனை மாசம் நான் மசாஜ் பண்ணிட்டிருந்திருக்கேன்.

பணத்தைக் கேட்டா, "மேனேஜர் பழனிக்குப் போயிருக்காருங்க." அடுத்த வாரமும் பழனிதான். நேர்ல போனா, "பேக்கேஜ் திரும்பாதுங்க, மீதி 19 சிட்டிங்கை உங்க சொந்தக்காரங்க யாருக்காச்சும் மாத்திக்குங்க." பில்லுன்னு கொடுத்தது 'தெரபி 36,000'னு எழுதுன துண்டுச்சீட்டு.

என்னென்ன பாக்கணும்னு விவரமா எழுதலாம்னுதான் உக்காந்தேன், கை நடுங்குது. மொத்தமாப் பணம் கட்டாதீங்க. வலியில்லாம தோளும் தொடையும் பலம் போச்சுன்னா சிபிகே பாக்கச் சொல்லிக் கேளுங்க. கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடறவங்க அதையும் டாக்டர்கிட்டச் சொல்லுங்க, சிலதும் தசையைப் பாதிக்கலாம். இந்தப் பலக்குறைவோட புரையும் ஏறுச்சுன்னா அன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரி.

ஆடி நோம்பி போன வாரம் முடிஞ்சுது. ஒப்பிட்டு யாரும் சுடல.