இக்கிட்டோஸ் போகிறீர்களா? 'யாரும் காணாத பழங்குடி'யைக் காட்டுவதாகச் சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்

முழுத் தொகையையும் முன்பணமாகக் கொடுத்த ஒருவன் எழுதும் பதிவு இது. இரண்டு பேருக்கு, மூன்று பகல் இரண்டு இரவுக்கு, 420 டாலர். ஓரம் கிழிந்த டாலர் நோட்டைப் பெருவில் வாங்க மாட்டார்கள் என்று படித்திருந்ததால், பார்த்துப் பார்த்துப் பொறுக்கி, மடிப்புக்கூட இல்லாத நோட்டுகளாகக் கொடுத்தோம். அவ்வளவு படித்துவிட்டுப் போனவர்கள் வரைபடத்தை மட்டும் விரித்துப் பார்க்கவில்லை.

இக்கிட்டோஸ் பெருவின் வடகிழக்கில், அமேசான் காட்டின் நடுவே இருக்கிறது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் அந்த நகரத்துக்கு வெளியிலிருந்து சாலை கிடையாது. லிமாவிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். இல்லாவிட்டால் யூரிமாகுவாஸ் அல்லது புகால்பாவிலிருந்து சரக்குப் படகில், தளத்தில் தூளி கட்டிப் படுத்துக்கொண்டு, நாள்கணக்கில் போக வேண்டும். நகரத்திலிருந்து புறப்படும் ஒரே நெடுஞ்சாலை தெற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஓடி நௌட்டா என்ற சிற்றூரில் முடிந்துவிடுகிறது. நௌட்டா என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஏமாந்ததே அதில்தான்.

ஆற்றைப் பார்த்த நடைபாதையை மலெக்கோன் என்கிறார்கள். வந்த அன்று மாலையே அங்கே ஒருவர் எங்களைப் பிடித்துக்கொண்டார். இப்படிப்பட்ட தரகர்களை அங்கே 'ஹலடோர்' என்கிறார்கள். இழுப்பவர் என்று பொருள், பொருத்தமான பெயர். கழுத்தில் கண்ணாடித்தாள் ஒட்டிய அடையாள அட்டை, நல்ல ஆங்கிலம், அவசரமே இல்லாத பேச்சு. காசு எதுவும் கேட்காமல் சதுக்கத்துக்கு அழைத்துப்போய் இரும்பு வீட்டைக் காட்டி, "இது ஈஃபெல் கட்டியது" என்றார். அதற்கு உறுதியான ஆவணம் எதுவும் இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. முதல் பொய்யையே ரசித்துக் கேட்டிருக்கிறோம்.

பகாயா சமிரியா தேசியக் காப்பகத்துக்குள் இரண்டு இரவு தங்கலாம், மிதக்கும் பெலென் நகரைப் படகில் சுற்றலாம், வெளியாள் முகமே பார்க்காத பழங்குடி ஊர் ஒன்றுக்குப் போகலாம் என்று அவர் அடுக்கினார். மூன்றாவதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்தினார். நாங்கள் விழுந்ததும் அந்த இடத்தில்தான். ஊர் திரும்பி நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள அதைவிட வேறென்ன வேண்டும்?

தெரிந்துகொள்ளுங்கள்: வெளியுலகத் தொடர்பின்றித் தனித்து வாழும் மக்களைக் காக்க, பெருவில் 2006-லேயே சட்டம் (எண் 28736) வந்துவிட்டது. அவர்களுக்கென ஒதுக்கிய நிலங்களுக்குள் சுற்றுலா போக அனுமதி கிடையாது. நமக்குச் சாதாரணமாக வரும் காய்ச்சல்கூட அவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றுவிடும். அப்படி ஓர் ஊரைக் காட்டுகிறேன் என்று சொல்கிறவர் ஒன்று பொய் சொல்கிறார், அல்லது குற்றம் செய்கிறார். எங்கள் ஆள் பொய்தான் சொன்னார் என்பதில் இப்போது எனக்கு ஒரு சின்ன நிம்மதி.

மறுநாள் காலை அவர் வரவில்லை. இருபது வயதுப் பையன் ஒருவனை அனுப்பியிருந்தார். முதலில் பெலென். வெள்ளக் காலத்தில், ஏப்ரல் மே வாக்கில், அந்தக் குடியிருப்பில் தெருவெல்லாம் தண்ணீராகிப் படகுகள் ஓடும். கட்டைகள் மேல் கட்டிய வீடுகள் நீரோடு சேர்ந்து உயரும். நாங்கள் போனது செப்டம்பர். ஆற்று நீர் பத்து மீட்டர் அளவுக்கு இறங்கிக் கிடந்தது. மிதக்க வேண்டிய வீடுகள் சேற்றில் உட்கார்ந்திருந்தன, மற்றவை நெடிய கால்கள் மேல் நின்றன. இது தரகருக்குத் தெரியாதா? பையனைக் கேட்டேன். "தண்ணீர் இல்லை, ஆனால் நடக்கலாம்" என்றான். நடந்தோம். நியாயமாகச் சொல்வதானால் பெலென் சந்தை ஏமாற்றவில்லை. பக்கீட்டோ சந்து என்ற பகுதியில் மரப்பட்டையும் வேரும் புட்டிகளில் ஊறவைத்த சாராயமுமாக ஒரு நாட்டு மருந்துக்கடை உலகமே இருக்கிறது. குச்சியில் கோத்துச் சுட்ட சூரிப் புழுவை என் மனைவி தின்று பார்த்தாள். தேங்காயும் வெண்ணெயும் கலந்த மாதிரி இருந்ததாம். நான் வாழையிலை போன்ற பிஹாவோ இலையில் கட்டி அவித்த ஹுவானே சோற்றோடு நிறுத்திக்கொண்டேன்.

பகாயா சமிரியாவுக்கு நௌட்டா வழியாகத்தான் போக வேண்டும். ஆனால் அந்தச் சாலைக்குப் போக வேண்டியவர்களை மோட்டோடாக்சியில் ஏற்றி நேர் எதிர்த்திசையில், நகரின் வடக்கு விளிம்பில் இருக்கும் பெல்யாவிஸ்டா நனாய் படகுத்துறைக்குக் கொண்டுபோனான். "ஆற்று வழி குறுக்கு வழி" என்றான். நம்பினோம்.

படகு முதலில் நின்ற இடத்தில் கூண்டுகள் இருந்தன. ஒரு தேவாங்கு போன்ற சோம்பலான பிராணியை, அதுதான் ஸ்லாத், என் மனைவியின் கையில் திணித்தார்கள். என் கழுத்தில் அனகோண்டாவைப் போட்டார்கள். வாய் கட்டிய முதலைக் குட்டி ஒன்றும் இருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் இனாம். சிரித்துக்கொண்டு நிற்கும் அந்தப் படம் இன்னும் என் கைபேசியில் இருக்கிறது, அழிக்க மனம் வரவில்லை, காட்டவும் மனம் வரவில்லை. இப்படிப்பட்ட குட்டிகளில் பல தாயைக் கொன்று பிடிக்கப்பட்டவை. இப்படி வைத்திருப்பது பெருவின் சட்டப்படி குற்றம். அங்கேயே எண்பது சோலுக்கு (சோல் பெருவின் நாணயம்) மக்காவ் கிளியின் இறகுக் கிரீடம் ஒன்றும் வாங்கினேன். "சான்றிதழ் உண்டா?" என்றேன். உண்டு என்று தலையாட்டினார்கள். அவ்வளவுதான் சான்றிதழ்.

அடுத்தது அந்த 'யாரும் காணாத' ஊர். மொமோன் ஆற்றங்கரையில் இறங்கும்போதே எங்களுக்கு முன் இரண்டு சுற்றுலாப் படகுகள் கட்டிக் கிடந்தன. மலோகா என்னும் பெரிய பொதுக்குடிலில், யான்சாமா மரப்பட்டையைத் தட்டித் துணியாக்கி ஓவியம் தீட்டிய உடையில் போரா மக்கள் ஆடினார்கள். இருபது நிமிடம். ஆட்டம் முடிந்ததும் சம்பிரா நார்ப் பைகளும் வளையல்களும் விரிக்கப்பட்டன. ஊரின் முதியவர் தலைக்கு முப்பது சோல் நுழைவுக் கட்டணம் கேட்டார்.

எல்லாம் தொகைக்குள் அடக்கம் என்று தரகர் சொல்லியிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. அந்த முதியவரிடம் குரலை உயர்த்தி ஆங்கிலத்தில் ஏதேதோ கத்தினேன். அவர் அசையாமல் நின்றார். என் மனைவிக்கு வேலை நிமித்தம் கற்ற ஸ்பானிஷ் கொஞ்சம் தெரியும். அவள்தான் என் கையைப் பிடித்து இழுத்தாள். "என்னங்க, இவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? பணம் வாங்கிய ஆள் மலெக்கோனில் காப்பி குடித்துக்கொண்டிருப்பான்" என்றாள். பிறகு அவரிடம் விசாரித்தாள். தரகர் படகு ஒன்றுக்கு இருபது சோல் கொடுத்தனுப்புவாராம், சில நாள் அதுவும் இல்லையாம். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று பள்ளியில் படித்ததெல்லாம் அந்த நேரத்தில் எங்கே போயிற்றோ.

இரவு தங்கிய 'காப்பக விடுதி'யைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காட்டின் ஒலிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தோம். அக்கரையிலிருந்து நள்ளிரவு வரை கும்பியா பாட்டு வந்தது. கைபேசியில் சமிக்ஞை முழுதாக இருந்தது. என் மனைவி வரைபடத்தைத் திறந்தாள். நீலப்புள்ளி இக்கிட்டோஸ் சதுக்கத்திலிருந்து 14 கிலோமீட்டரில் மினுங்கியது. இருபதாயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்த பகாயா சமிரியா, உகயாலி, மரான்யோன் ஆறுகளுக்கு இடையில், நௌட்டாவுக்கும் அப்பால் கிடந்தது.

சாப்பாட்டுக்குப் பின் பையன் இன்னொரு விலை சொன்னான். ஷிபிபோ என்னும் பழங்குடியின் வைத்தியர் வருகிறார், அயவாஸ்கா என்னும் மனமயக்கம் தரும் மூலிகைக் கஷாயம் குடிக்கும் சடங்கு, தலைக்கு நூறு டாலர். வந்த ஆளுக்கு ஷிபிபோ மொழியில் ஒரு வார்த்தை தெரியுமா என்பதே சந்தேகம். மறுத்துவிட்டோம். இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: அயவாஸ்காவின் பாரம்பரிய அறிவையும் பயன்பாட்டையும் பெரு 2008-ல் தேசியப் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. முறையாகக் கற்றவர்கள் பல ஆண்டுகள் பத்தியம் இருந்து கற்கிறார்கள். அதே கஷாயம் மனச்சோர்வு மாத்திரைகள் சிலவற்றோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று அந்த ஆள் எங்களைக் கேட்கவே இல்லை.

மறுநாள் காலை திரும்பிவிட்டோம். தரகரின் 'அலுவலகம்' நகலெடுக்கும் கடையாக இருந்தது. ஒரு மேஜையை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்திருந்தாராம். வாட்ஸ்அப் செய்திகளில் ஒற்றைக் குறியோடு சரி. அரசின் சுற்றுலாத் தகவல் மையத்தில் பொறுமையாகக் கேட்டார்கள்; பதிவுப் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. ரசீதைக் காட்டினேன். கடையில் கிடைக்கும் வெறும் ரசீதுப் புத்தகத் தாள். முறையான நிறுவனம் என்றால் 'பொலேட்டா' என்னும் வரி ரசீது தர வேண்டும், அதில் பதினொரு இலக்க வரி எண் இருக்க வேண்டும், கடையில் புகார்ப் புத்தகமும் வைத்திருக்க வேண்டும். அந்தப் பதினொரு இலக்கத்தை வரித்துறைத் தளத்தில் இட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். பகாயா சமிரியாவுக்கு அனுமதிச் சீட்டு தனியாக உண்டு. அதைக் கண்ணால் பார்க்காமல் யாரும் உங்களைக் காப்பகத்துக்குள் அழைத்துப்போவதாக நம்பாதீர்கள்.

மிச்சம் இரண்டு நாள் இருந்தது. பெல்யாவிஸ்டாவிலிருந்து நாங்களே படகு பேசி அந்த ஊருக்கு மறுபடி போனோம். முதியவர் கால்பந்துச் சட்டையும் கால்சட்டையுமாக வலை பின்னிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். சிரித்தார். அறுபது சோலைக் கையில் கொடுத்தோம். ஆட்டம் வேண்டாம், அந்த முரசைப் பற்றிச் சொல்லுங்கள் என்று என் மனைவி கேட்டாள்.

மங்குவாரே என்பது குடைந்த மரத்தில் செய்த இரட்டை முரசு, ஆண் ஒன்று பெண் ஒன்று. தலையில் ரப்பர் சுற்றிய கோலால் அடிப்பார்கள். போரா மொழியின் ஏற்ற இறக்கத்தையும் சொல்லின் நீட்டல் குறுக்கலையும் அப்படியே முரசில் கொட்டி, இருபது கிலோமீட்டர் வரை செய்தி அனுப்பிவிடுவார்கள். பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைப் பெயர் சொல்லி அழைப்பது எப்படி என்று அடித்துக் காட்டினார். முந்தைய நாள் அதே முரசு ஆட்டத்துக்குத் தாளம் போட்டதைப் படம் பிடித்தேனே தவிர, அது பேசும் என்று எனக்குத் தெரியாது.

கோல் தலையில் இருந்த ரப்பரைத் தொட்டுக் காட்டி, இதற்காகத்தான் தன் தாத்தாவைக் கொண்டுவந்தார்கள் என்றார். அந்தக் கதை பதிவான வரலாறு. ஹூலியோ சேசர் அரானாவின் ரப்பர் நிறுவனம் புட்டுமாயோ ஆற்றுப் பகுதியில் போராக்களையும் ஊயிட்டோட்டோக்களையும் கசையாலும் பட்டினியாலும் வதைத்துப் பால் எடுத்தது. பிரிட்டிஷ் தூதரக அதிகாரி ரோஜர் கேஸ்மென்ட் 1910-ல் இக்கிட்டோஸ் வழியாகப் போய் விசாரித்தார்; 1912-ல் அறிக்கை வெளியானது. பின்னர் அந்த நிலம் கொலம்பியாவுக்குப் போனபோது, எஞ்சியவர்களை முதலாளிகள் பெருவின் பக்கம் பெயர்த்துக் கொண்டுவந்தார்கள். ரப்பர்ப் பணம் வற்றியதற்குக் காரணம் 1876-ல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகள். அவற்றின் வழிவந்த மலாயாத் தோட்டங்களில் பால்மரம் வெட்டப் போனவர்களில் என் பாட்டனாரின் தமையனும் ஒருவர். இதை அந்த முதியவரிடம் சொல்ல என் மனைவியின் ஸ்பானிஷ் போதவில்லை.

கடைசி நாள் நௌட்டாவுக்கு வேனில் போனோம். அங்கே மீன் விற்ற பெண்கள் குகாமா மக்கள். இறகும் இல்லை, மரப்பட்டையும் இல்லை. ஆற்றில் மூழ்கியவர்கள் ஆற்றடியில் ஊர் அமைத்து வாழ்கிறார்கள் என்று நம்புகிறவர்கள். அந்த ஆற்றை எண்ணெய்க் கசிவு கெடுக்கிறது என்று குகாமாப் பெண்கள் வழக்குத் தொடுத்து, 2024-ல் மரான்யோன் ஆற்றுக்கே உரிமைகள் உண்டு என்று நௌட்டா நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கினார்கள். தரகரின் பட்டியலில் இவர்கள் இல்லை.

விமான நிலையத்தில் இறகுக் கிரீடத்தைப் பறிமுதல் செய்து, ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். ஜாகுவார் பல், பாம்புத் தோல், இறகு எதையும் வாங்காதீர்கள். படகுத்துறையில் பொதுப் படகு ஆள் நிறைந்தால்தான் கிளம்பும், எனவே காலையிலேயே போய்விடுங்கள். சில்லறையாகப் பத்து, இருபது சோல் நோட்டுகள் வைத்திருங்கள்; ஆற்றோர ஊர்களில் நூறு சோலுக்கு யாரிடமும் மீதி இருக்காது.