பேஸ்புக் படங்கள்: போனுக்கா, கூகுள் போட்டோஸுக்கா?

பேஸ்புக்கில் சேர்ந்த படங்களையும் வீடியோக்களையும் ஜிப் கோப்பாக, அதாவது எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிய கோப்பாக, போனுக்கு இறக்கலாம். நேரே கூகுள் போட்டோஸுக்கும் அனுப்பலாம்.

ஜிப்பில்தான் சிக்கல் அதிகம். வெள்ளவத்தையில் வீட்டு வைஃபையில் தொடங்கி, காலி வீதியில் பஸ் ஏறியதும் மொபைல் டேட்டாவுக்கு மாறினால் பதிவிறக்கம் அறுந்துவிடலாம். ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மட் செய்த மெமரி கார்டு 4 ஜிபிக்கு மேற்பட்ட தனிக் கோப்பை ஏற்காது, எவ்வளவு இடம் மிச்சமிருந்தாலும். ஆகவே பேஸ்புக்கிடம் ஆண்டு ஆண்டாகப் பிரித்துக் கேளுங்கள், இரவு டேட்டாவில் இறக்குங்கள். பதிவிறக்க இணைப்புச் சில நாட்களில் காலாவதியாகும், தயவுசெய்து பிந்தாதீர்கள்.

கூகுளுக்கு அனுப்பினால் உங்கள் டேட்டா கரையாது. ஆனால் இலவச 15 ஜிபியில் ஜிமெயிலுக்கும் பங்குண்டு, நிரம்பினால் நின்றுவிடும்.

அவசரத்துக்குக் கூகுள் போதும். அம்மம்மா மெசஞ்சரில் அனுப்பிய பழைய படங்களும் வேண்டுமென்றால், கஷ்டப்பட்டாலும் ஜிப்தான்.