ஒரு வீட்டு மொட்டை மாடியா, நாலு வீட்டு அலமாரியா?

நாலு நண்பர்கள் சேர்ந்து மாதிரி ரயில் லேஅவுட் (பலகை மேல் ஓடும் குட்டி ரயில்பாதை) கட்டலாம் என்று கிளம்பினால் முதல் சண்டை ஸ்கேலில்தான் வரும், அதாவது நிஜ ரயிலை எத்தனை மடங்கு சுருக்குவது, எச்ஓ (HO) ஸ்கேலா, என் (N) ஸ்கேலா என்று. எங்களுக்கும் அப்படித்தான். ஒரு மாதம் அதிலேயே போனது. யார் வீட்டில் வைப்பது என்று யாருமே வாயைத் திறக்கவில்லை, பின்னால் எங்களைக் கவிழ்த்தது அதுதான்.

ஸ்கேல் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். எச்ஓ என்றால் 1:87, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு, தண்டவாள இடைவெளி 16.5 மிமீ. என் என்றால் 1:160, 9 மிமீ. நம் எக்ஸ்பிரஸ் ரயில்களின் எல்எச்பி வகைப் பெட்டி ஒன்று எச்ஓவில் சுமார் 27 செமீ நீளம் வரும், என் ஸ்கேலில் 15 செமீக்குள் அடங்கிவிடும். 20 பெட்டி கோத்தால் எச்ஓ ரயில் 5.4 மீட்டர், அதாவது ஹாலில் தொடங்கி சமையலறையில் முடியும். ஆனால் இந்திய இன்ஜினும் பெட்டியும் கிடைப்பது பெரும்பாலும் எச்ஓவில்தான். அதிலும் ஒரு வம்பு உண்டு. 16.5 மிமீ என்பது வெளிநாடுகளில் பரவலாக உள்ள 1435 மிமீ பாதைக்கான அளவு, நம் அகலப்பாதையோ 1676 மிமீ, சரியாகச் செய்தால் 19 மிமீக்கு மேல் வரவேண்டும். அதனால் நம்ம ஊர் ரயில் எச்ஓ தண்டவாளத்தில் காலை ஒடுக்கிக்கொண்டு நிற்பதுபோல் இருக்கும். எங்களில் ஒருவனுக்கு இன்றுவரை அது ஆறவில்லை. (நீலகிரி ரயிலைக் கட்டுகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. மீட்டர் கேஜ் எச்ஓவில் 12 மிமீ, சுவிஸ் மலை ரயில்களுக்காக அந்தத் தண்டவாளம் விற்கிறார்கள்.)

சரி, இடத்துக்கு வருவோம். நிரந்தர லேஅவுட் என்றால் சுகமே தனி. மலை வைக்கலாம், சுரங்கம் வைக்கலாம், பெரிய வளைவு போடலாம், வயரிங்கை ஒரு தடவை செய்துவிட்டால் போதும், சுவிட்சைத் தட்டினால் ரயில் ஓடும். நாங்கள் ஒருவனுடைய மொட்டை மாடி அறையில் 8க்கு 4 ப்ளைவுட் இரண்டைச் சேர்த்துப் போட்டோம். தகரக் கூரை. இணைப்புகளில் இடைவெளி விடாமல் நெருக்கிப் போட்டிருந்ததால் மே மாதம் தண்டவாளம் ஒரு இடத்தில் தூக்கிக்கொண்டது, ஐப்பசி மழையில் ப்ளைவுட் ஊறி உப்பியது, அதையெல்லாம்கூடச் சமாளித்தோம். சமாளிக்க முடியாதது வேறு. அவன் குடியிருந்த வாடகை வீடு அது, அதனால் செவ்வாய்க்கிழமை ராத்திரி தனியாக உட்கார்ந்து சிக்னல் கம்பத்தை மாற்றி நடுவதும் அவன்தான். ஞாயிறு போனால் நாங்கள் மூவரும் விருந்தாளிகள், காபி குடித்துவிட்டு வேடிக்கை பார்க்க வேண்டியது. "ஏன்டா கேக்காம மாத்துன?" என்று ஆரம்பித்து இரண்டு வாரம் பேச்சே இல்லாமல் போனதும் உண்டு. கடைசியில் வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். ஒன்றரை வருட வேலையை ரம்பத்தால் அறுத்துத்தான் கீழே இறக்கினோம்.

அதனால் இப்போது மாட்யூல். ஆளுக்கொரு துண்டு, கூடும்போது சேர்த்துக்கொள்வது. இதில் இரண்டு வழி பார்த்தோம்.

டி-டிராக் ஜப்பானில் பிறந்தது, என் ஸ்கேல். நேர் துண்டு ஒன்று ஓர் அடிக்குக் கொஞ்சம் கூட நீளம், அலமாரித் தட்டில் வைத்துவிடலாம், பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வரலாம். கேட்டோ கம்பெனியின் யூனிட்ராக் தண்டவாளம் கிளிக்கென்று கோத்துக்கொள்ளும், மேசை மேடுபள்ளமாக இருந்தால் அடியில் உள்ள போல்ட்டைத் திருகிச் சமன் செய்யலாம். குறை என்னவென்றால் முன்னால் இரண்டு தண்டவாளம் ஒரே மாதிரிதான் ஓடும், ஒருவனுடைய பாம்பன் கடலை அடுத்து இன்னொருவனுடைய பனிமலை வரும். அப்புறம் சுற்று முடிய நாலு மூலைத் துண்டு வேண்டும். மூலை வைத்திருப்பவன் வீட்டில் கல்யாணம் என்றால் அன்றைக்கு ரயில் இல்லை.

ஃப்ரீ-மோ எச்ஓவில் அமெரிக்காவில் வளர்ந்தது. துண்டின் இரண்டு முனைப் பலகைகளும் விதிப்படி இருந்தால் சரி, நடுவில் எவ்வளவு நீளம், என்ன வளைவு என்பது பெரும்பாலும் உங்கள் இஷ்டம். சும்மா வட்டமடிக்காமல் ஸ்டேஷனிலிருந்து ஸ்டேஷனுக்கு ஓட்டலாம், கிராசிங்குக்கு நிற்கலாம், சரக்குப் பெட்டி கழற்றி மாட்டலாம். நிஜ ரயில்வே ருசி இதில்தான், மறுக்கவில்லை. ஆனால் தண்டவாளம் தரையிலிருந்து 50 அங்குல உயரத்தில் நிற்க வேண்டும், பிரதானப் பாதையின் வளைவும் பெரிது, ஒன்றிரண்டு துண்டு கொண்டுபோகவே குட்டியானை வண்டி பிடிக்க வேண்டும். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்காரனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

சொந்த வீடும் தனி அறையும் இருந்து, நாலு பேரும் ஒரே தெருவில் இருந்து, சாவியும் நாலு இருந்தால் நிரந்தர லேஅவுட்டையே கட்டுங்கள். வாடகை வீட்டுக்காரர்களுக்கு நான் டி-டிராக்கைத்தான் சொல்வேன், நம்மூர் ரயில் ஓடாது என்ற வருத்தத்தோடு. எங்களிடம் இப்போது பதினாலு துண்டு இருக்கிறது. மூலைகளில் மட்டும் ஆறு செய்து ஆளுக்கு ஒன்றரையாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று ஒருவன் சொன்னான், அந்த அரை மூலை யாரிடம் இருக்கும் என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.